நகரமைப்புக் கல்வியும் நெய்வேலியும்

நகரம் அமைப்பது பொறியாளரின் வேலை என்று எண்ணிப் பழகிவிட்டோம். சாலை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், கழிவுநீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும், நீர்த்தொட்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்று அளந்து வரைபவரே நகரமைப்பாளர் என்பது பொதுக் கருத்து. கலைக் கல்லூரியில் பயிலும் நமக்கும் அந்தத் துறைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். இந்த எண்ணம் சரியானதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்குச் சான்றாக நான் தொலைதூரத்து நகரம் எதையும் முதலில் காட்டப் போவதில்லை. நம் கடலூர் மாவட்டத்து நெய்வேலியையே காட்டுகிறேன். வெளிநாடுகள் நமக்குக் கற்பிப்பது என்ன என்பதையும் அங்கிருந்தே பார்ப்போம்.

பல நாடுகள் கை கொடுத்த நகரம்

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் குழாய்க் கிணறு தோண்டினார். நீரோடு கரிய பொருளும் மேலே வந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. சென்னை மாகாண அரசின் சார்பில் எச். கே. கோஷ் என்னும் சுரங்கப் பொறியாளர் முன்னின்று ஆய்வு நடத்தினார். பிரிட்டனைச் சேர்ந்த பவல் டஃப்ரின் நிறுவனத்தாரிடம் தொழில்நுட்ப ஆலோசனை பெறப்பட்டது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956 நவம்பரில், நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. 1962-இல் சோவியத் நாட்டின் உதவியோடு அமைந்த முதல் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. மேல்மண்ணை வெட்டி எடுக்க ஜெர்மனியிலிருந்து பக்கெட் வீல் என்று தொழிலாளர் அழைக்கும் இராட்சத எந்திரங்கள் வந்தன. பிரிட்டிஷ் ஆலோசனை, ருஷ்ய மின்நிலையம், ஜெர்மானிய எந்திரம் ஆகிய மூன்றும் முந்திரிக் காட்டுச் செம்மண்ணில் ஒன்றுகூடின. பன்னாட்டு அறிவு நமக்குப் புதியதன்று. நம் வாசலுக்கே வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

அதனுடன் எழுந்ததே நெய்வேலி நகரியம். ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்பு, எண்ணிட்ட வட்டங்கள், நேரான அகன்ற சாலைகள், இருமருங்கும் மரங்கள், பள்ளிகள், மருத்துவமனை, விளையாட்டரங்கு, கடைவீதி. பணிநிலைக்கு ஏற்ற வீடுகளும் தோட்டங்களும் உண்டு. சுற்றுப்புற ஊர்களில் குடத்தோடு பெண்கள் நீருக்காகக் காத்திருந்த நாளிலேயே இங்குக் குழாயில் நீர் வந்தது. கடலூர், விருத்தாசலம் பக்கமிருந்து வரும் எவரும் ஆர்ச் கேட்டைத் தாண்டியதும் வேறொரு நாட்டுக்குள் நுழைந்ததுபோல் உணர்வது இயல்பே.

இந்த அமைப்பின் வேர் எது? 1898-இல் எபனேசர் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயர், நகரத்தின் வசதியும் கிராமத்தின் காற்றும் சேர்ந்த ‘பூங்கா நகர்’ என்னும் கருத்தை வெளியிட்டார். 1903-இல் லண்டனுக்கு வடக்கே லெட்ச்வொர்த் என்னும் நகரம் அவ்வாறே எழுந்தது. 1929-இல் அமெரிக்கரான கிளாரன்ஸ் பெரி, குழந்தை பெருஞ்சாலையைக் கடக்காமல் பள்ளிக்கு நடந்து செல்லும் அளவே ஒரு குடியிருப்பின் அளவாக இருக்க வேண்டும் என்றார். உலகெங்கும் நகரமைப்புப் பள்ளிகளில் கற்பிக்கப்பட்ட பாடங்கள் இவை. நெய்வேலியின் வட்டங்களில் இவற்றின் சாயலைக் காணலாம்.

வந்ததும் வராததும்

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹோவர்டின் கருத்தில் மரமும் தோட்டமும் வெளித் தோற்றமே. உட்கரு வேறு. நகரத்து நிலம் நகர மக்களுக்குப் பொதுவாக இருக்க வேண்டும், நிலத்தின் மதிப்பு உயரும்போது அந்த ஊதியம் மக்களுக்கே திரும்ப வேண்டும், நகரைச் சுற்றி வேளாண் நிலம் வளையமாக நின்று நகருக்கு உணவளித்து அதனால் தானும் வாழ வேண்டும் என்பவையே அவர் வற்புறுத்தியவை. நமக்கு வந்தது மரமும் தோட்டமும். வராதது அந்த உட்கரு.

நகரியத்தில் வீடு வேலையோடு பிணைந்தது. பணி ஓய்வு பெற்றவர் வீட்டை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும். முப்பது, முப்பத்தைந்து ஆண்டு வாழ்ந்து, பிள்ளைகளை அங்கேயே வளர்த்து ஆளாக்கியவர், முதுமைக்கு வடலூரிலோ, இந்திரா நகரிலோ, சொந்த ஊரிலோ மனை தேட வேண்டியிருக்கிறது. இளமைக்கு இடம் தரும் நகரம் முதுமைக்கு இடம் தருவதில்லை. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 1,28,000-ஆக இருந்த நகரியத்தின் மக்கள்தொகை 2011-இல் சுமார் 1,05,000-ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் நகரங்களெல்லாம் பெருகிக்கொண்டிருந்த பத்தாண்டுகளில் இந்த நகரம் சுருங்கியது என்பது சிந்திக்கத் தக்கது.

அடுத்தது சுற்றுப்புறம். நகரியத்துக்கும் சுரங்கத்துக்கும் இடம் தந்து பல ஊர்கள் மறைந்தன. அவற்றின் நினைவாக இன்றும் நிற்பது வில்லுடையான்பட்டு முருகன் கோயில். பங்குனி உத்திரத்தன்று சுற்றுவட்டார மக்கள் காவடி எடுத்து நகரியத்துக்குள் திரண்டு வரும்போது, நகரத்துக்கும் ஊர்களுக்கும் இடையே வரைபடத்தில் காணாத உறவொன்று கண்ணுக்குத் தெரிகிறது. அந்த ஒரு நாளைத் தவிர்த்தால், நகரியம் ஒரு தீவாகவே இருக்கிறது. உள்ளே தெருவிளக்கும் குடிநீரும் நிறுவனத்தின் நகர நிர்வாகத்தின் பொறுப்பு. வெளியே மந்தாரக்குப்பமும் வடக்குத்தும் தம் போக்கில் வளர்ந்தன. உள்ளே வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளரும், காய்கறி விற்பவரும், வீட்டு வேலைக்கு வருபவரும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்து போகிறார்கள்.

2023 ஜூலை மாதத்தில் வளையமாதேவியில், கதிர் வரும் பருவத்து நெல் நின்ற வயலில், பரவனாற்றை மாற்றி ஓடச் செய்யும் கால்வாய்க்காக எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது ஒரு தரப்பு. பயிர் நிற்கிறதே என்றது மறு தரப்பு. போராட்டமும் வன்முறையும் தொடர்ந்தன. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. யார் பக்கம் சட்டம் என்பதை நீதிமன்றங்கள் சொல்லும். திட்டமிடல் கற்றவன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சுரங்கத்தின் நாட்காட்டியும் நெல்லின் நாட்காட்டியும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கப்பட்டனவா? அவ்வாறு பார்க்க வேண்டியது யாருடைய வேலை?

நம் அரசுத் துறையின் பெயர் ‘நகர் ஊரமைப்பு’. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலும் நகரும் ஊரும் சேர்ந்தே நிற்கின்றன. பெயரில் உள்ள அந்த இணைப்பு நிலத்தில் நிகழவில்லை. நெய்வேலியில் நகரத்தைத் திட்டமிட்டோம், வட்டாரத்தைத் திட்டமிடவில்லை. இதுவே நான் சொல்ல வரும் செய்தி.

கெடிசும் நம் திணையும்

நகரையும் வட்டாரத்தையும் பிரிக்கக் கூடாது என்று உலகுக்குச் சொன்னவர் பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர். அவர் பொறியாளர் அல்லர்; உயிரியல் ஆசிரியர். சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அழைக்க, 1914-இல் தம் நகரமைப்புக் கண்காட்சியோடு இந்தியாவுக்குப் புறப்பட்டார். கண்காட்சிப் படங்களை ஏற்றி வந்த கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. சென்னையில் குண்டு வீசி, நம் பேச்சு வழக்கில் கெட்டிக்காரப் போக்கிரிக்குப் பெயராகவே நிலைத்துவிட்ட அதே எம்டன்தான்! கெடிஸ் சோர்ந்துவிடவில்லை. நண்பர்கள் புதிய படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது. பின்னர் அவர் தஞ்சை, மதுரை முதலிய நகரங்களை நேரில் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார்.

தெருக்களை இடித்து நேராக்கும் திட்டங்கள் அன்று பல ஊர்களில் இருந்தன. தஞ்சையைப் பற்றி எழுதும்போது கெடிஸ் அதற்கு மாற்று வழி கூறினார். நல்ல மருத்துவன் தேவையான இடத்தில் மட்டும் கத்தி வைத்து உயிரைக் காப்பதுபோல, இடிக்க வேண்டிய சிலவற்றை மட்டும் அகற்றி மற்றவற்றைப் பேணுக என்றார். செலவும் குறையும், மக்களும் வீடிழக்க மாட்டார்கள் என்று கணக்கிட்டுக் காட்டினார். திட்டத்துக்கு முன் ஆய்வு வேண்டும் என்பது அவருடைய முதல் விதி. நாடி பாராமல் மருந்து கொடுக்கலாகாது. 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் துறையின் பேராசிரியராக அவர் அமர்ந்தார். நகரமைப்பு அவருக்குச் சமூகவியலோடு சேர்ந்த படிப்பு என்பதை இங்கு நினைவில் கொள்க.

கெடிஸ் ஒரு படம் வரைந்தார். மலையில் தொடங்கிக் கடலில் முடியும் ஆற்றுப் பள்ளத்தாக்கு அது. மேலே வேட்டுவன், மரம் வெட்டுபவன், இடையே ஆயன், உழவன், கடற்கரையில் மீனவன். இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று உருவாக்குகின்றன என்பதே அதன் பொருள். தொல்காப்பியம் கற்ற தமிழ் மாணவருக்கு இது புதிதாகத் தோன்றுமா? குறிஞ்சி முதல் நெய்தல் வரை நிலத்தைப் பகுத்து, நிலமும் பொழுதும் முதற்பொருள், தொழிலும் விலங்கும் உணவும் கருப்பொருள், மக்களின் ஒழுக்கம் உரிப்பொருள் என்று வகுத்தவர் நம் முன்னோர். இரண்டும் ஒன்றே என்று பெருமை பேசுவது என் நோக்கமன்று. கெடிஸ் அறிவியலாளர், திணை இலக்கியக் கோட்பாடு. ஆயினும் நிலத்தையும் தொழிலையும் மக்களையும் பிரிக்காமல் காணும் கண் நமக்கு அயலானது அன்று என்பதை மட்டும் சொல்கிறேன். தமிழ் வகுப்பில் கற்றதை வெளியே எடுத்துச் செல்லத் தயங்க வேண்டியதில்லை.

பள்ளிகள் பிறந்த கதை

நகரமைப்புக் கல்வி தொடக்கம் முதலே எல்லை கடந்து வளர்ந்த கல்வி. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞரானார். ஜாம்ஷெட்பூருக்கும் புவனேஸ்வருக்கும் திட்டம் வரைந்தார். விடுதலைக்குப் பின் 1951 வரை இந்திய அரசின் வீட்டுவசதிப் பணிக்குத் தலைமை வகித்தார். பின்னர் லண்டன் சென்று, வெப்ப நாடுகளில் பணிபுரியப் போகும் கட்டடக் கலைஞருக்கும் திட்டமிடுவோருக்கும் அங்கே பாடம் நடத்தினார். இந்தியாவில் பெற்ற அனுபவம் லண்டன் வகுப்பறையில் பாடமாயிற்று. கெடிசின் இந்திய அறிக்கைகளைத் தொகுத்து 1947-இல் நூலாக்கிய ஜாக்குலின் டிர்விட், பிற்காலத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டில் கற்பித்தார். தஞ்சைத் தெருக்கள் வழியே கிடைத்த பாடம் அப்படி உலகப் பாடமாயிற்று. 1955-இல் டில்லியில் நகர் ஊரமைப்புப் பள்ளி தோன்றிப் பின்னர் திட்டமிடல் மற்றும் கட்டடக் கலைப் பள்ளியாக வளர்ந்தது. நம் சென்னையிலும் கிண்டியில் கட்டடக் கலை மற்றும் திட்டமிடல் பள்ளி இருக்கிறது.

அறிவு மேற்கிலிருந்து கிழக்குக்கு மட்டும் வந்தது என்பது தவறு என்று இதனால் விளங்கும். கொடுத்தும் வாங்கியும் வளர்ந்ததே இத்துறை. ஆயினும் நாம் வாங்கியதை எங்கே வைத்தோம்? தலைநகரங்களில் வைத்தோம். ஜெர்மானியர் எங்கே வைத்தார்கள் என்பதைப் பாருங்கள்.

ரூர் பகுதி அவர்களுடைய நிலக்கரி, எஃகுப் பூமி. அங்கே 1920-லேயே சட்டம் இயற்றிப் பல நகரங்களும் ஊர்களும் சேர்ந்த வட்டாரத் திட்ட ஒன்றியம் அமைத்தார்கள். சுரங்கங்கள் மூடத் தொடங்கிய காலத்தில், 1968-இல், அந்த வட்டாரத்துக்குள்ளேயே டார்ட்மண்ட் பல்கலைக்கழகம் தோன்றியது. அங்கே நகர, வட்டாரத் திட்டமிடலுக்கென்றே தனிப் புலம் ஏற்பட்டது. 1984-இல் வளரும் நாடுகளின் மாணவருக்காக அங்கே ஒரு பன்னாட்டுப் படிப்பும் தொடங்கியது. முதலாண்டு டார்ட்மண்டில், இரண்டாமாண்டு கானா, பிலிப்பைன்ஸ், தான்சானியா போன்ற நாடுகளின் கூட்டுப் பல்கலைக்கழகத்தில். வந்தவர்கள் ஜெர்மனியைப் படித்துவிட்டு ஜெர்மனியை நகலெடுக்கக் கூடாது, தம் போன்ற நாட்டு மண்ணில் நின்று படிக்க வேண்டும் என்னும் நினைப்பு அதில் தெரிகிறது. கிழக்கே லுசேஷியா என்னும் பழுப்பு நிலக்கரிப் பூமியில், காட்பஸ் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1991-இல் தோன்றியது. அங்கும் நகர, வட்டாரத் திட்டமிடல் பாடமாயிற்று. நோய் உள்ள இடத்தில் மருத்துவமனை கட்டினார்கள். நம் பழுப்பு நிலக்கரிப் பூமியில் அந்தக் கல்வி எங்கே?

நெய்வேலியின் உடன்பிறப்பு

லுசேஷியாவில் ஹோயர்ஸ்வெர்டா என்று ஒரு நகரம் உண்டு. 1955-இல் அருகில் பெரும் நிலக்கரித் தொழிற்கூடம் எழத் தொடங்க, தொழிலாளருக்காகப் பழைய சிற்றூரை ஒட்டிப் புதுநகரம் கட்டப்பட்டது. நெய்வேலிக்கு ஏறத்தாழ அதே வயது. இங்கே எண்ணிட்ட வட்டங்கள். அங்கே ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட குடியிருப்புத் தொகுதிகள். பிரிகிட்டே ரைமன் என்னும் எழுத்தாளர் அங்கேயே வாழ்ந்து, புதுநகர் கட்டும் பெண் கட்டடக் கலைஞர் ஒருவரின் கனவையும் ஏமாற்றத்தையும் நாவலாக எழுதினார். அவர் மறைந்தபின் 1974-இல் அந்நூல் வெளிவந்தது. 1980-களின் தொடக்கத்தில் அந்நகரின் மக்கள்தொகை 70,000-ஐ எட்டியது. 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் சுரங்கங்களும் ஆலைகளும் அடுத்தடுத்து மூடின. இளைஞர் வேலை தேடி மேற்கே போனார்கள். குடியிருக்க ஆளின்றி, கட்டிய அடுக்ககங்களை அரசே இடிக்க வேண்டியதாயிற்று. இன்று அங்கு வாழ்பவர் சுமார் 30,000 பேர்.

கைவிடப்பட்ட குழிகளை அந்த வட்டாரம் என்ன செய்தது? நீர் நிரப்பி ஏரிகளாக்கியது. 2000 முதல் 2010 வரை பன்னாட்டுக் கட்டடக் கண்காட்சி ஒன்றை அந்நிலத்திலேயே நடத்தி, பழைய சுரங்க எந்திரத்தையும் காட்சிப் பொருளாக்கியது. சுரங்கத்தால் மறைந்த ஊர்கள் நூற்றுக்கும் மேல். அவற்றில் பல, சோர்ப் என்னும் சிறுபான்மை மொழியினரின் ஊர்கள். அவற்றின் நினைவுக்கென்றே ஃபார்ஸ்ட் என்னும் ஊரில் மறைந்த ஊர்களின் ஆவணக் காப்பகம் அமைத்தார்கள்.

தண்ணீர்க் கதை இன்னும் முக்கியமானது. சுரங்கத்தில் இறைத்த நீர் பல பத்தாண்டுகளாக ஸ்ப்ரே ஆற்றில் விடப்பட்டது. அந்த ஆறு பெர்லினுக்குப் போகிறது. சுரங்கம் நின்றால் ஆற்றில் நீர் குறையும், கோடையில் தலைநகருக்கே தட்டுப்பாடு வரலாம் என்று 2023-இல் ஜெர்மனியின் சுற்றுச்சூழல் முகமை எச்சரித்தது. நம் நிலையை இத்துடன் ஒப்பிடுங்கள். நெய்வேலி நிலக்கரிக்கு அடியில் அழுத்தம் மிக்க நீர்த்தாரை இருக்கிறது. சுரங்கத்தில் வெள்ளம் புகாமலிருக்க இரவுபகலாக நீரை இறைத்தாக வேண்டும். அந்த நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் வயல்களில் பாய்கிறது. நீரை இறைப்பதால் கிணறு வற்றிய உழவரும் உண்டு. இறைத்த நீரால் நெல் விளைவிக்கும் உழவரும் உண்டு. சுரங்கம் ஒரு நாள் நிற்கும்போது அந்த ஏரிகளின் கதி என்ன? இது சுரங்கப் பொறியாளரின் கணக்கில் மட்டும் அடங்குவதன்று. வேளாண்மைத் துறையின் கணக்கில் மட்டும் அடங்குவதும் அன்று. இரண்டுக்கும் நடுவே விழும் கேள்வி இது. இப்படி நடுவே விழும் கேள்விகளைத் தாங்கிப் பிடிக்கவே வட்டாரத் திட்டமிடல் என்னும் படிப்பு இருக்கிறது.

எழக்கூடிய மறுப்புகள்

“நிலக்கரி இன்னும் நெடுங்காலத்துக்கு இருக்கிறதே, இப்போதே ஏன் முடிவைப் பற்றிப் பேச வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். முடிவு ஏற்கெனவே தவணை முறையில் வந்துகொண்டிருக்கிறது. வீட்டு அடுப்புகளுக்கு ‘லெக்கோ’ கரி தந்த ஆலை இன்று இல்லை. யூரியா தயாரித்த உர ஆலையும் இல்லை. 600 மெகாவாட் திறன் கொண்ட முதல் அனல் மின் நிலையம் 2020-இல் தன் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. புதிய மின் நிலையம் எழுந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் புதிய எந்திரங்கள் பழையவை கேட்ட அளவு ஆட்களைக் கேட்பதில்லை. வெள்ளம் வருமுன் அணை போடுவதுதான் அறிவுடைமை.

“ஜெர்மனி பணக்கார நாடு, அதன் வழி நமக்கு ஒத்துவருமா?” என்பது இரண்டாவது கேள்வி. நியாயமான கேள்வி. அங்கும் எல்லாம் நலமே என்று நான் சொல்லவில்லை. மேற்கே ரைன் நிலக்கரிப் பகுதியில், சுரங்கத் திட்டங்களை உள்ளாட்சிகளும் இடம்பெறும் குழு ஆராய வேண்டும் என்று 1950-லேயே சட்டம் செய்தார்கள். அப்படியிருந்தும் 2023 ஜனவரியில் லுட்சராட் என்னும் சிற்றூரைக் காலி செய்யப் போலீஸ் படை வர வேண்டியதாயிற்று. ஏரியாக்கிய குழிகளெல்லாம் ஹோயர்ஸ்வெர்டாவை விட்டுப் போன இளைஞரைத் திருப்பி அழைத்து வரவுமில்லை. ஆகவே அவர்களுடைய விடையை நகலெடுக்க வேண்டாம். அவர்கள் கேட்ட கேள்விகளை எடுத்துக்கொள்வோம். அவர்கள் தாமதமாகக் கேட்டதை நாம் முன்கூட்டியே கேட்போம். பூங்கா நகரின் மரத்தை எடுத்துக்கொண்டு கருத்தை விட்டோமே, அந்தப் பழைய வழக்கம் மீண்டும் வேண்டாம்.

“வட்டாரத்தைச் சட்டத்தால் காக்க முடியுமா?” என்பது மூன்றாவது ஐயம். முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2020-இல் இயற்றிய சட்டத்தால் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாயிற்று. நம் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில், குமராட்சி முதலிய ஒன்றியங்களும் அதில் சேர்ந்தன. தனித்தனி வயலை விட்டு ஒரு வட்டாரத்தையே அலகாகக் கொண்டு சட்டம் சிந்தித்தது. தடுப்பது ஒரு படி. எது எங்கே வளர வேண்டும் என்று சேர்ந்து முடிவு செய்வது அடுத்த படி. அந்தப் படிக்குக் கல்வி வேண்டும்.

கலைக் கல்லூரி செய்யக்கூடியது

கடலூரிலும் விருத்தாசலத்திலும் சிதம்பரத்தை அடுத்த சி. முட்லூரிலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சுரங்கத்துக்கு நிலம் தந்த குடும்பத்துப் பிள்ளைகளும், சுரங்கத்தில் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கக்கூடிய இடங்கள் இவை. ஆடம்பரமான கட்டடமோ அயல்நாட்டு நிதியோ இல்லாமல் இக்கல்லூரிகள் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, ஆய்வு. புவியியல் மாணவர் கிணறுகளின் நீர்மட்டத்தை ஒவ்வொரு பருவத்திலும் அளந்து குறிக்கலாம். பொருளாதார மாணவர் நிலம் கொடுத்த குடும்பங்களின் வருவாய் என்னவாயிற்று, இழப்பீட்டுப் பணம் எங்கே போயிற்று என்று வீடுவீடாகக் கேட்டறியலாம். ஓராண்டு செய்துவிட்டு நிறுத்தாமல், ஒவ்வோர் ஆண்டு மாணவரும் முந்திய ஆண்டின் ஏட்டைத் தொடர வேண்டும். பத்தாண்டில் எந்த அலுவலகத்திலும் இல்லாத செல்வமாக அது பெருகும்.

இரண்டாவது, மறைந்த ஊர்களின் ஏடு. ஃபார்ஸ்டில் அவர்கள் செய்ததை நம் வரலாற்றுத் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து செய்யலாம். ஊரின் பெயர், ஏரியின் பெயர், தெய்வத்தின் பெயர், வழக்காறு, நடவுப் பாட்டு ஆகியவற்றைச் சொல்ல வல்ல முதியவர்கள் நாளுக்கு நாள் குறைகிறார்கள். 1957-இல் பத்து வயதுச் சிறுவனாக இருந்தவருக்கு இன்று எண்பதை நெருங்கும் வயது. இந்தப் பணிக்கு இன்னொரு தலைமுறை காத்திராது.

மூன்றாவது, தமிழில் இக்கல்வி. சுரங்க விரிவாக்கத்துக்கு முன் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் தடித்த நூலாக இருக்கும். தமிழில் கிடைப்பது அதன் சுருக்கமே. நிலத்தை இழக்கப் போகிறவர் படிக்க முடியாத அறிக்கையின் மேல் கருத்துக் கேட்பது என்ன நியாயம்? அந்த அறிக்கையைப் படித்து, நீர்மட்ட வரைபடத்தைப் புரிந்துகொண்டு, ஊர்ப் பொதுவிடத்தில் நின்று தமிழில் விளக்கக்கூடிய பட்டதாரி ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் இருந்தால் கூட்டத்தின் போக்கே மாறும். கோபத்தோடு போனவர்கள் கேள்வியோடு போவார்கள். கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது அதிகாரிக்கும் எளிதன்று. ‘நகரும் ஊரும்’ என்ற பெயரில் இளங்கலை மாணவருக்கு ஒரு விருப்பப் பாடம் வைத்தால் இதற்கு வித்திட்டதாகும்.

நான்காவது, மேற்படிப்பு. திட்டமிடல் முதுகலைப் படிப்பு பொறியியல் படித்தவருக்கே உரியது என்னும் தப்பெண்ணம் நம்மிடையே உண்டு. புவியியல், பொருளாதாரம், சமூகவியல் ஆகியவற்றில் முதுகலைப் பட்டம் பெற்றவரையும் டில்லி போன்ற இடங்களில் அப்படிப்பில் சேர்ப்பதுண்டு. நம் மாணவருக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பதே குறை. கிண்டியில் திட்டமிடல் பயிலும் மாணவர் ஆண்டுதோறும் ஏதேனும் ஓர் ஊரைக் கள ஆய்வுக்குத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களை இங்கே அழைப்போம். வரைபடம் வரையும் திறன் அவர்களுடையது. ஊரின் வழிகளும் மனிதரும் நமக்குத் தெரியும்.

முடிவுரை

மாணவ நண்பர்களே, நெய்வேலியின் மின்சாரத்தால் தென்னாட்டின் வீடுகளும் ஆலைகளும் ஒளி பெற்றன. அதை உருவாக்கியவர்களின் உழைப்பை மறந்து பேசுவது நன்றி கொன்ற செயலாகும். நகரியத்தில் நடந்து பார்க்கும் எவரும் அதன் சாலைகளையும் நிழலையும் பாராட்டாமல் இருக்க முடியாது. அந்த நிழல் ஆர்ச் கேட்டோடு ஏன் நின்றுவிட்டது என்று கேட்பதும் அதே அளவு நியாயமானது.

நகரம் கட்டியவர்கள் நிலக்கரி எங்கே தொடங்குகிறது என்று துளையிட்டுப் பார்த்தார்கள். அது முடியும்போது நகரியத்து மக்களும் சுற்றியுள்ள ஊர் மக்களும் எதைக்கொண்டு வாழ்வார்கள் என்று பார்க்க வேண்டிய பொறுப்பு நம் தலைமுறைக்கு வந்திருக்கிறது. அதற்கான முதல் அளவுகோலையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு இந்தக் கல்வியாண்டிலேயே ஓர் ஊருக்குப் போவோம். எந்த ஊருக்கு முதலில் போவது என்பதைத் துறைத் தலைவர்கள் கூடி முடிவு செய்யட்டும்.